எண்ணிக்கை எங்கே தப்புகிறது? 'ஜாவா டுடோரியல்ஸ்' கவுண்டர் பாடம் பற்றி

படிவம் 4 கணினி அறிவியலில் ஜாவா படிக்கும் மாணவர்களுக்கு, ஆரக்கிள் நிறுவனத்தின் 'ஜாவா டுடோரியல்ஸ்' இலவசமாகக் கிடைக்கும் நல்ல துணைநூல். அதில் திரெட் (இழை) பற்றிய பகுதி ஒரு சின்ன கவுண்டரை வைத்தே விளக்குகிறது. அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகலாமா?

முதலில் நிறை. 'ஒன்று கூட்டு' என்பது ஒரே வேலை இல்லை; எடு, கூட்டு, திருப்பி வை என மூன்று படி என்பதைப் பாடம் தெளிவாகக் காட்டுது. நம்ம பிள்ளைகளுக்கு இதைத் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்லலாம். ஸ்டோர் பலகையில் 120 வாளி. இரண்டு கிராணிகள் ஒரே நேரத்தில் அதைப் பார்த்து, ஆளுக்கு ஒன்று கூட்டி, 121 என்று எழுதுறாங்க. வந்தது இரண்டு வாளி, கணக்கில் ஏறியது ஒன்று.

ஆனால் பாடம் தவற்றை விளக்குதே தவிர, ஓட்டிப் பார்க்க வைக்கவில்லை. மாணவர் பத்து தடவை கூட்டிப் பார்த்தா விடை பெரும்பாலும் சரியாத்தான் வரும். அடுத்த திரெட் தொடங்கும் முன்பே முதல் திரெட் முடிந்திருக்கும். இரண்டு திரெட்டும் தலா 100,000 தடவை கூட்டட்டும். இரண்டும் முடியும்வரை காத்திருந்து அச்சிட்டா, 200,000க்குக் குறைவாகவே பெரும்பாலும் வரும். ஓட்டும்போதெல்லாம் வேற எண். அப்போதான் பிள்ளைங்க நம்புவாங்க.

தீர்வாகப் பாடம் இரண்டு வழி தருது. 'சிங்க்ரனைஸ்டு' போட்டால் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் உள்ளே போகும். 'அட்டாமிக் இன்டிஜர்' மூன்று படியையும் பிரிக்க முடியாத ஒன்றாக்கும். வெறும் எண்ணிக்கைக்கு இரண்டாவதே எளிது. 'வாலட்டைல்' மட்டும் போதாது. அது புது மதிப்பைக் காட்டும், மூன்று படியைச் சேர்த்துக் கட்டாது.

பெரிய குறை இனிதான். தமிழ் முகாமுக்கு 40 இருக்கை உள்ள பேருந்து. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பதிவு நடக்குது. இரண்டு திரெட்டும் 39 என்று பார்த்து, 'இடம் இருக்கு' என்று ஆளுக்கு ஒன்று கூட்டினா 41 ஆகும். அட்டாமிக் எண்ணிக்கை தப்பவில்லை. ஆனா ஒரு பிள்ளைக்கு இருக்கை இல்லை. பார்ப்பதும் கூட்டுவதும் ஒரே பூட்டுக்குள் இருக்கணும். கவுண்டர் பாடம் இந்த இடத்தைத் தொடவே இல்லை.

பாடத்தைத் தாராளமா பயன்படுத்துங்க. முன்னால் அந்த 200,000 சோதனை, பின்னால் இந்தப் பேருந்துக் கேள்வி, இரண்டையும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.