யானைச் சாலைக்கு ஒரு விளக்கு

பினாங்குத் தீவுக்குள் மட்டும் ஓடும் காடிக்குக் கூடுதல் விளக்கு தேவையே இல்லை. ஜோர்ஜ்டவுனில் இருட்டு என்று ஏதாவது மிச்சமிருந்தால் அது கடைவீடுகளின் பின்சந்துகளில்தான். இருந்தும் இங்கே ஹைலக்ஸோ டிரைட்டனோ டி-மேக்ஸோ வாங்கிய பலருக்கு, முன்பக்கத்தில் இரண்டு வட்ட விளக்கு ஏறாத வரைக்கும் வண்டி வாங்கிய நிறைவு வருவதில்லை. சிலருக்கு அது வெறும் அலங்காரம். அதில் தவறும் இல்லை. மற்றவர்களுக்குக் காரணம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கூலிம், பாலிங் தாண்டிக் கெரிக்கை அடைந்தால் அங்கே தொடங்குகிறது கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை.

கம்யூனிஸ்டுகளின் தாக்குதலுக்கு நடுவே ராணுவக் காவலோடு போட்டு, 1982-ல் திறந்த சாலை அது. தெமெங்கோர் ஏரியைக் கடந்து, தித்திவங்சா மலையில் ஏறி, கிளந்தானின் ஜெலியில் இறங்கும் நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தில் பெரும்பாலும் இருபுறமும் காடுதான். மேட்டில் பனிமூட்டம், வளைவில் மழை, யானை கடக்கும் இடம் என்று சொல்லும் பலகைகள். 2025 மே 11, அன்னையர் தினத்தன்று அதிகாலையில் இந்தச் சாலையில் ஒரு யானைக்கன்று கோழி ஏற்றிவந்த லோரியில் அடிபட்டு இறந்தது. வண்டிக்கடியில் கிடந்த கன்றைவிட்டு நகராமல், லோரியின் மேல் தலையை வைத்து முட்டிக்கொண்டு நின்ற தாயின் காணொளியை நாடே பார்த்தது. ஈரத் தார், ஈர மரம், ஈர யானை மூன்றுக்கும் இரவில் ஒரே நிறம் என்பதை அந்தச் சாலையில் ஓட்டியவர்கள் அறிவார்கள். விளக்கைப் பற்றிப் பேசும்போது என் மனத்தில் இருப்பது அந்தச் சாலைதான்.

கடையில் பெட்டியின்மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் லூமென் எண்ணை நான் படிப்பதில்லை. லூமென் என்பது விளக்கு கக்கும் மொத்த ஒளி. அது எங்கே போகிறது என்பதைப் பற்றி அந்த எண் வாய் திறக்காது. குழாயைத் திறந்துவிட்டால் கொட்டும் தண்ணீர் லூமென் என்றால், வாயில் விரலை வைத்து அழுத்தித் தூரத்துச் செடிக்குப் பாய்ச்சும் வேகம் காண்டெலா. தரையில் வந்து விழுவது லக்ஸ். முழுநிலவு தரும் வெளிச்சம் ஏறக்குறைய கால் லக்ஸ். 500 மீட்டர் தள்ளி ஒரு லக்ஸ் விழவேண்டுமானால் இரண்டரை லட்சம் காண்டெலா வேண்டும். அதே ஒரு லக்ஸை ஒரு கிலோமீட்டருக்குக் கொண்டுபோக நான்கு மடங்கு, அதாவது பத்து லட்சம். ஐரோப்பிய விதி ஒரு வண்டியின் எல்லா ஹைபீம் விளக்குகளுக்கும் சேர்த்து 4,30,000 காண்டெலாவோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த ஒரு லக்ஸ் அதில் எட்டுவது ஏறத்தாழ 650 மீட்டர். அவர்கள் கஞ்சத்தனத்தில் அப்படிச் செய்யவில்லை.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 25 மீட்டர் போகிறது. எதிரே நிற்பதைக் கண்டு, அது யானைதான் என்று மூளை ஒப்புக்கொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் இரண்டு விநாடி. 50 மீட்டர் போயாயிற்று. ஈரச் சாலையில் நிற்க இன்னும் 60, 70 மீட்டர். சுமை, தேய்ந்த டயர் எல்லாவற்றுக்கும் இடம் விட்டாலும் 200 மீட்டருக்குள் முடிந்துவிடும் விவகாரம் இது. ஆகவே ஒரு கிலோமீட்டர் அடிக்கும் விளக்கு கெரிக் வளைவுகளில் செய்யும் வேலை, எதிர்மலையில் உள்ள மரங்களை எழுப்பிவிடுவது மட்டுமே. எனக்கு வேண்டியது 300 மீட்டர் வரை சீராக, திட்டுத்திட்டாக இல்லாமல், சாலையோரப் புதர்வரை அகன்று கிடக்கும் ஒளி. யானை சாலை நடுவில் பிறப்பதில்லை, ஓரத்திலிருந்துதான் வரும்.

சொல்லப்போனால், நல்ல விளக்கு எதைக் காட்டுகிறது என்பதைவிட எதைக் காட்டாமல் விடுகிறது என்பதில்தான் தயாரித்தவனின் கை தெரிகிறது. வண்டிக்கு முன்னால் பத்து, இருபது மீட்டரில் தார் வெள்ளையாகப் பளீரென்று எரிந்தால் ஓட்டுகிறவருக்குப் பெருமையாக இருக்கும். கண்மணி உடனே சுருங்கிக்கொள்ளும். தூரத்து இருட்டு இன்னும் கறுத்துப்போகும். மலிவான விளக்குகள் விற்பனையாவது இந்த ஏமாற்றால்தான்: கடைவாசலில் சுவரைப் பார்த்துப் போட்டுக் காட்டும்போது எல்லாமே பிரமாதம். கைதேர்ந்த விளக்கு கிட்டத்துத் தரையை ஓர் அரையிருளில் விட்டுவிட்டு, போகப்போக ஒளியைக் கூட்டுகிறது. அதனால் 30 மீட்டரிலும் 150 மீட்டரிலும் சாலை கிட்டத்தட்ட ஒரே பொலிவில் தெரிகிறது. இந்தச் சமநிலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிறகு வேறெதுவும் பிடிக்காது.

பழைய கண்ணாடி விளக்குகளில் இந்த ரகசியத்தை எரியவிடாமலேயே படித்துவிடலாம். பின்னால் பரவளைவுக் கிண்ணம் ஒளியை ஒரு தூணாகத் திரட்டி முன்னே அனுப்பும். கண்ணாடியில் வார்த்த வரிகள் அந்தத் தூணைப் பிரித்து அனுப்பும். கண்ணாடி வழுவழுவென்று வரியே இல்லாமல் இருந்தால் அது தூரம் அடிக்கும் ஸ்பாட். நடுவே வெறுமையும் இருபுறமும் செங்குத்து வரிகளும் இருந்தால் டிரைவிங் விளக்கு: நடுவில் தூரம், ஓரத்தில் அகலம். கண்ணாடி முழுக்க நெருக்கமாகச் செங்குத்து வரி ஓடினால் ஃபாக் லைட். ஒளியைக் கிடைமட்டமாக விசிறி, தட்டையாகத் தரையில் விரிக்கும். பிரான்சின் சிபியே நிறுவனத்தார் வார்த்த சூப்பர் ஆஸ்கர் கண்ணாடியைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் அளவு, ஒரு சாய்வு இருப்பது தெரியும். கணினி வருவதற்கு முன்னால் கணக்குப் போட்டு இழைத்த வேலை. கறுப்புப் பூனைத் தலை முத்திரையோடு வந்த மார்ஷலும் பிரெஞ்சுக்காரர்களுடையதே. ஜெர்மனியின் லிப்ஸ்டாட்டில் 1899-ல் தொடங்கிய ஹெல்லாவின் ரேலி வரிசை விளக்குகளில் அந்த நளினம் குறைவு; உழைப்பு அதிகம். எனக்கு ரசிக்க சிபியே, மாட்ட ஹெல்லா.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், பித்தளைச் சொம்புக்கும் பழுதான வானொலிக்கும் நடுவில், இப்படி ஒற்றை விளக்கு கிடைக்கும் நாளும் உண்டு. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் வண்டிகளைப் பிரித்து விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் ஐபிஎஃப், பியா விளக்குகள் ஜோடியாகவே வரும். பார்க்க வேண்டியது கிண்ணத்தின் உட்பூச்சை. அது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம்; மயிரிழையைவிட மெல்லியது. மங்கிப்போனதைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கலாம் என்று நினைத்தால் துணியோடு வந்துவிடும். கிண்ணம் கறுத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று: டிரைவிங் விளக்குக்கு இடம் வலம் பெரும்பாலும் கிடையாது. ஹெட்லைட் அப்படி இல்லை. ஜப்பானும் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டும் நாடு. அதன் லோபீம் இடப்பக்க ஓரத்தைத் தூக்கிக் காட்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய ஹெட்லைட் அதே வேலையை வலப்பக்கம் செய்து, எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தும்.

எல்இடி வந்தபின் கண்ணாடி வரி போய்விட்டது. வேலையைச் சின்னச் சின்னக் கிண்ணங்களும் வில்லைகளும் எடுத்துக்கொண்டன. பழமை விரும்பிகள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன், நல்ல எல்இடிக்கு முன்னால் ஹாலோஜன் இன்று தோற்றுத்தான் நிற்கிறது. 100 வாட் ஹாலோஜன் ஜோடி 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் எல்இடி அதைத் தாண்டிவிடுகிறது. இழை இல்லாததால் குலுங்கலில் அறுந்துபோவதும் இல்லை. ஆனால் நிறத்தில் ஏமாறக் கூடாது. ஹாலோஜன் 3,200 கெல்வின் அளவில் மஞ்சள் சாயலோடு எரியும். கடைகள் தள்ளிவிடும் 6,000, 6,500 கெல்வின் எல்இடி நீலம் பாய்ந்த வெள்ளை. மழையில் தாரும் மண்ணும் அதன் கீழே ஒரே சாம்பலாகிவிடும்; இலையின் பச்சை செத்துப்போகும். 4,000-லிருந்து 5,000-க்குள் கேளுங்கள். சிவப்புமண் சிவப்பாகவும் சருகு பழுப்பாகவும் தெரிந்தால்தான் நடுவில் நிற்கும் சாம்பல் நிறம் தனியாகக் கண்ணில் படும். எல்லாருக்கும் வெளிச்சம் வேண்டும்; எனக்கு நிறமும் வேண்டும். இங்கே ரசனையும் பாதுகாப்பும் ஒன்றாகிவிடுவது எனக்கு வசதிதான்.

இனி லைட் பார். கூரையில் நீளமாக ஒன்றை மாட்டும் ஆசை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 1993-ல் சபாவில் நடந்த கேமல் டிராஃபி காட்டு ஓட்டத்தின் மஞ்சள் லேண்ட் ரோவர் டிஸ்கவரிகள், 1997 முதல் ஆண்டுக் கடைசி மழையில் நடக்கும் மழைக்காட்டுச் சவால் பந்தயம், இவற்றின் படங்களில் கூரை விளக்கு இல்லாத வண்டி அபூர்வம். அங்கே அது நியாயம். பம்பர் சேற்றுக்குள் போய்விடும் இடத்தில், நடைவேகத்தில் ஊரும்போது, மேலிருந்து விழும் வெளிச்சம் பள்ளத்தைக் காட்டும். அதே விளக்கை நெடுஞ்சாலையில் போட்டால் முதலில் ஒளிர்வது சொந்த பானெட். பிறகு முன்கண்ணாடியில் உள்ள ஒவ்வொரு கீறலும். பனி இருந்தால் கண்முன்னே ஒரு வெள்ளைச் சுவர். பம்பர் உயரத்தில் இரண்டு நல்ல வட்ட விளக்கு, ஒன்று தூரத்துக்கு ஒன்று அகலத்துக்கு என்று கலந்தோ இரண்டும் டிரைவிங் வகையாகவோ, எந்த லைட் பாரையும் வென்றுவிடும் என்பது என் கட்சி.

பனி என்றதும் கொடிமலையைச் சொல்லாமல் போக முடியாது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சற்று அப்பால், தாவரத் தோட்ட வாசலிலிருந்து ஏறும் ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர்தான். பெர்மிட் உள்ள வண்டிக்கு மட்டும் அனுமதி. அதற்குள் கடல்மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டருக்கு மேல் போய்விடும். மழை விட்டதும் மேகம் பாதையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஹைபீம் எதிரி. மேகத்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி நேராகக் கண்ணுக்கு வருவதால், விளக்கு கண்ணிலிருந்து எவ்வளவு தாழ்ந்து இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பம்பருக்குக் கீழே, மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும் ஃபாக் லைட் மட்டும் எரியட்டும். மஞ்சள் மேகத்தைத் துளைக்கும் என்று வழிவழியாகச் சொல்வார்கள். துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியது. மஞ்சளையும் நீலத்தையும் அது ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனாலும் 1936 முதல் 1993 வரை பிரான்ஸ் தன் எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் விளக்கையே விதித்திருந்ததை முழுப் பைத்தியம் என்று ஒதுக்க மாட்டேன். நீலம் கழிந்த ஒளியில் கண் கூசுவது குறைவு என்று பலரும் உணர்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

விளக்குக்கு ஆயிரம் வெள்ளி கொடுப்பவர் வயருக்கு ஐம்பது வெள்ளி கொடுக்க முகம் சுளிப்பார். நம் ஊர் வயரிங் கடைத் தவுக்கேக்கள் நாள்தோறும் பார்க்கும் காட்சி. 13.2 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் இழப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹாலோஜன் பல்பின் வெளிச்சமோ கால் பங்குக்குமேல் போய்விடும். ஆகவே பழைய வண்டிக்காரர்கள் புது விளக்கு தேடுமுன், தங்கள் ஹெட்லைட்டுக்கே ஒரு ரிலேயும் பருத்த வயரும் போட்டுப் பார்க்கலாம். பலருக்குக் கடைக்குப் போகும் செலவு அங்கேயே மிச்சமாகும். கூடுதல் விளக்குக்கான மின்சாரம் பாட்டரியிலிருந்து நேராக, பாட்டரிக்கு ஒட்டி ஒரு ஃபியூஸோடு வரவேண்டும். ரிலேயில் 30-க்கு அது, 87-லிருந்து விளக்குக்கு, 85, 86 இரண்டும் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். சுவிட்சின் தூண்டலை ஹைபீமிலிருந்து எடுத்தால், எதிரே வண்டி வரும்போது ஒரே விரலசைவில் எல்லாம் அணையும். இதில் டொயோட்டாக்காரர்களுக்கு ஒரு கண்ணி. சில லேண்ட் குரூசர், ஹைலக்ஸ் மாடல்களில் ஹெட்லைட்டுக்குப் பாசிட்டிவ் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். சுவிட்ச் அறுப்பது எர்த்தை. இது தெரியாத கடையில் விட்டால் ரிலே தலைகீழாக வேலை செய்யும். வண்டியைக் கொடுக்கும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே கடையின் தரம் தெரிந்துவிடும். மலிவு எல்இடிகளின் டிரைவர் மின்சுற்று, குழுவாகப் போகும்போது கையில் வைத்திருக்கும் வாக்கிடாக்கியில் இரைச்சலைக் கிளப்பும் என்பதும் தெரிந்திருக்கட்டும். கடற்காற்று வேறு. இந்தத் தீவில் சாதாரண இரும்பு போல்ட் பூத்துப்போக அதிக காலம் ஆகாது, ஸ்டெயின்லெஸ் கேளுங்கள்.

மாட்டியபின் ஊருக்குள் விளக்குகளுக்கு மூடி போட்டு வைப்பது மரியாதை. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சாலைத் தடையில் சம்மன் வாங்காமல் இருக்கவும் அது உதவலாம். அமெரிக்காவின் கேசி ஹைலைட்ஸ் மூடிகளில் சிரிக்கும் மஞ்சள் முகம் வரும்; ஆஸ்திரேலியாவின் லைட்ஃபோர்ஸில் மூடியே நிறவடிகட்டி, மஞ்சளை மாட்டிக்கொண்டு மழையில் ஓட்டலாம். யானையைப் பார்த்துவிட்டால் மூடி போட நேரமிருக்காது. தூரத்திலேயே நின்று, ஹைபீமை அணைத்து, ஹாரனைத் தொடாமல் அது போகும்வரை இருப்பதுதான் வழி. முகத்தில் அடிக்கும் வெளிச்சத்தை யானை வரவேற்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியில் அச்சு பார்ப்பது. சமதளமான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் ஒளிக்கற்றையின் நடுப்புள்ளி விளக்கின் உயரத்திலேயே நேராகப் போகும்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும்; மற்றதைத் துணியால் மூடிவிட்டு. பலர் இதை வெறும் வண்டியில் செய்கிறார்கள். பிக்கப்பின் பின்னால் பாலிக் பூலாவ் டுரியானை ஏற்றினாலோ முகாம் சாமான்களை அடுக்கினாலோ மூக்கு மேலே எழும்பி, கணக்கெல்லாம் மரக்கிளைக்குப் போய்விடும். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, டாங்கியை நிரப்பி, பக்கத்து இருக்கையில் ஆளை உட்காரவைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். முதல் செம்மண் பாதை ஓட்டத்துக்குப் பிறகு அதே ஸ்பேனர் இன்னொரு முறையும் தேவைப்படும்.