முத்திரை யார் கையில்?

2023 மார்ச்சில் அயோத்தியாப்பட்டணத்தில், எங்கள் பக்கத்து மனையில் பூச்சு வேலை பார்த்த பிகார் பையன்கள் திடீரென ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றிய வாரம் அது. எங்கோ நடந்ததை எல்லாம் ஒட்டவைத்த பொய். வீட்டிலிருந்து அழுதுகொண்டே போன் வந்தால் யார்தான் இங்கே இருப்பார்கள்? அதனால், பொய்ச்செய்திக்குச் சட்டமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

ஆனால் அடுத்த மாதமே ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளில் கொண்டுவந்த திருத்தம், கோட் ரிவ்யூவுக்கு வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். ஒன்றிய அரசின் அலுவல் பற்றிய ஒரு பதிவை 'போலி, பொய் அல்லது திசைதிருப்புவது' என்று அரசே அமைக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு முத்திரை குத்தலாம். திசைதிருப்புவது என்றால் என்ன? வரையறை கிடையாது. முத்திரை விழுந்த பதிவை விட்டுவைக்கும் நிறுவனம் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை இழக்க நேரிடும். "நீக்கச் சொல்லி நாங்கள் உத்தரவிடவில்லையே" என்பது அரசுத் தரப்பு. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும்: தப்பாக நீக்கினால் ஒரு பயனர் கத்துவார், அவ்வளவுதான். நீக்காமல் விட்டால் கம்பெனி கோர்ட்டுக்கு அலையணும். எந்த மேனேஜர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார்?

2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அட்டவணை வந்தது. 20ஆம் தேதி அந்தப் பிரிவை அறிவித்தார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இல்லையென்றால் விலைவாசி, வேலையின்மை, தேர்தல் பத்திரம் என எதைப் பேசினாலும் அது 'அரசின் அலுவல்'தானே? களத்தில் ஓடுகிறவர் கையிலேயே விசில். ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்திருந்த பம்பாய் உயர் நீதிமன்றத்தில், செப்டம்பரில் மூன்றாவது நீதிபதி சந்துர்கரின் கருத்தோடு விதி ரத்தானது. (மாநில அரசும் 2023இல் தன் பங்குக்கு ஒரு சரிபார்ப்பகம் தொடங்கியது. கேள்வி அதற்கும் பொருந்தும்.)

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) இதைவிட நிதானமானது. வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றி, பொய் என்று தெரிந்தோ உண்மை என்று நம்பாமலோ சொல்லியிருக்க வேண்டும். முடிவு செய்வது உயர் நீதிமன்றம். ஆனால் வழக்கே முடிவு வந்த பிறகுதான். பொய் அதற்குள் ஓட்டாக மாறியிருக்கும். அந்தத் தாமதத்தை நான் சகித்துக்கொள்வேன், கொஞ்சம் எரிச்சலோடு.

பையன்களில் மூன்று பேர் சித்திரையில் திரும்பினார்கள். வதந்தியை மறுத்து டிஜிபி சைலேந்திர பாபு பேசிய வீடியோவைப் பார்த்தீங்களா என்று கேட்டேன். "இல்லண்ணா, மேஸ்திரி போன் பண்ணாரு" என்றார்கள்.