ஓவியப் பாடத்தில் விடுபட்ட பாதி

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளியில் கேட்டாலும் சரி, "இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்றால் பெரும்பாலான பிள்ளைகள் வரைவது ஒரே படத்தைத்தான். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதி எழுந்த சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வளைந்து அகலும் ஆறு, கரையில் ஒரு குடிசை, அதையொட்டி ஒரு தென்னை, வானத்தில் பறவைகளாக நான்கைந்து வளைகோடுகள். திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளை அன்றாடம் பார்ப்பது கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாகக் கிடக்கும் வயலை. தூத்துக்குடிப் பிள்ளை பார்ப்பது உப்பளத்தையும் அங்கே குவித்திருக்கும் உப்பையும். வடசென்னைப் பிள்ளை பார்ப்பது துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளை. இவை எதுவும் தாளுக்கு வருவதில்லை. பிள்ளைகளுக்குக் கற்பனை போதாது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. ஏற்கெனவே யாரோ போட்ட படத்தை நினைவிலிருந்து மறுபடி போடுவதுதான் வரைதல் என்று பள்ளி அவர்களைப் பழக்கியிருக்கிறது. நம் ஓவியப் பாடத்தின் பலமும் குறையும் இந்த ஒரு படத்திலேயே தெரிகின்றன. கோடு தடுமாறாமல் விழுகிறது, வண்ணம் எல்லை தாண்டவில்லை. கை நன்றாகப் பழகியிருக்கிறது. கண் பழகவில்லை. ஓவியம் பொதுக்கல்வியில் இடம்பெற வேண்டியதற்கு முதல் காரணமே கண்ணைப் பழக்குவதுதான் என்பதால் இந்தக் குறையைச் சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். லண்டனில் ஹென்றி கோல் உருவாக்கிய தென் கென்சிங்டன் கல்விமுறையின் செல்வாக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவின் கலைப்பள்ளிகள் எல்லாவற்றிலும் பரவியது. அந்த முறையின் நோக்கம் தெளிவானது: தொழிற்சாலைக்கும் கைவினைக் கூடத்துக்கும் துல்லியமான கோடு போடத் தெரிந்த கைகள் வேண்டும். ஆகவே அச்சிட்ட மாதிரியைப் பார்த்து வெளிக்கோடு போடுவது, வடிவியல் வரைபடம், அலங்கார வேலைப்பாட்டை அளவு பிசகாமல் பெயர்த்தெழுதுவது என்று பாடங்கள் படிப்படியாக அமைந்தன. தமிழ்நாட்டில் ஓவியத்துக்கு இன்றும் நடக்கும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில், லோயர், ஹையர் என்ற படிநிலைகளில், அந்த அமைப்பின் சாயலைக் காணலாம். தொழிலுக்கு ஆள் தயாரிக்க வகுத்த முறை ஒன்று, தொழிலாக ஓவியத்தை எடுத்துக்கொள்ளப்போகாத பிள்ளைகளின் வகுப்புக்கும் அப்படியே வந்து சேர்ந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அந்த முறை தந்த நன்மைகளை மறுப்பது நியாயமில்லை. கடைப் பலகை எழுதியவர்கள், சினிமா பேனர் வரைந்தவர்கள், சேலைக்கும் நகைக்கும் டிசைன் போடுபவர்கள் என்று கை பழகியதால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். பார்த்து வரைவதே தாழ்ந்த வேலை என்ற எண்ணமும் தவறு. நம் மரபுக் கலைகள் எல்லாமே பார்த்துச் செய்வதில்தான் தொடங்குகின்றன. வாசலில் அம்மா போடும் புள்ளிக் கோலத்தைப் பார்த்துத்தான் மகள் கற்கிறாள். ஆனால் அவள் கற்பது ஒரு கோலத்தை மட்டுமல்ல. புள்ளிகளை எப்படி வைப்பது, கம்பி எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்ப வேண்டும், தொடங்கிய இடத்துக்கே எப்படி வந்து சேர வேண்டும் என்ற விதிகளையும் சேர்த்துக் கற்கிறாள். அதனால்தான் சில ஆண்டுகளில் இதுவரை யாரும் போடாத கோலத்தை அவளால் போட முடிகிறது. சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலங்களைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களாக ஆராய்ந்தார்கள் என்றால், அப்படி ஆராயத்தக்க ஒழுங்கு கோலத்துக்குள் இருந்தது. பார்த்துச் செய்வது ஒரு விதியைக் கைக்குக் கொண்டுவந்தால் அது கல்வி. முடிந்த படத்தின் மேல்தோற்றத்தை மட்டும் கொண்டுவந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. மலை, சூரியன், ஆறு என்ற படத்தை நூறு முறை போட்ட பிள்ளைக்கு நூற்றியோராவது முறையும் அதே படம்தான் வருகிறது.

வகுப்பறையில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மயிலைப் படிப்படியாக வரைவார். பிள்ளைகள் நோட்டில் போட்டு வண்ணம் தீட்டுவார்கள். மயில் மயிலாக இருந்தால் சரி. தேர்வு நெருங்கினால் அந்த பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். ஆண்டு விழா வந்தால் டிராயிங் மாஸ்டரின் நேரம் மேடை அலங்காரத்திலும் வரவேற்புப் பலகையிலும் போய்விடும். இதற்குப் பதில் மேசைமேல் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து வரையச் சொன்னால் என்ன ஆகும்? சொம்பின் வாய் வட்டம் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டமாகத் தெரியாது, ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். குனிந்து கண்ணை விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் வெறும் கோடாகிவிடும். எழுந்து நின்றால் நீள்வட்டம் விரியும். சொம்பின் வயிற்றில் சன்னல் ஒரு வெள்ளைத் துண்டாக விழுந்திருக்கும். அதை வரைய வேண்டுமானால் அந்த இடத்தில் வண்ணம் தீட்டாமல் விட வேண்டும். எதிர் பெஞ்சில் இருப்பவனின் சொம்பும் இவளுடைய சொம்பும் ஒன்றாக இருக்காது, இரண்டும் சரி. தனக்குத் தெரிந்ததும் தான் பார்ப்பதும் வேறுபடும்போது எதை நம்புவது என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்தைக் கரும்பலகை மயில் ஒருநாளும் தராது.

ஓவியத்தை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்றை இங்கே விட்டுவிடுவது நல்லது. ஓவியம் கற்றால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடும் என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்து 2000இல் வெளியிட்ட முடிவு, காட்சிக் கலை கற்பது அப்பாடங்களின் மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்பது. கலைக்கல்வியின் எதிரிகள் அல்லர் அவர்கள். கலைக்கு அதற்கே உரிய பயன்கள் இருக்கும்போது இரவல் பயனைச் சொல்லி வாதாட வேண்டாம் என்பதே அவர்களின் நிலை. அந்தச் சொந்தப் பயன்களுக்குச் சான்று இருக்கிறது. அருங்காட்சியகத்தில் ஓவியங்களை நிதானமாகப் பார்த்து விவரிக்கப் பயின்ற யேல் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள், நோயாளிகளின் படங்களில் கூடுதல் விவரங்களைக் கண்டறிந்தார்கள் என்று 2001இல் வந்த ஆய்வு காட்டியது. அர்கன்சாவில் 2011இல் திறந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலைக்கூடத்தைப் பார்க்க விண்ணப்பித்த பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஏறத்தாழ 11,000 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சென்று வந்த மாணவர்கள், பழக்கமில்லாத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதும்போது சான்று காட்டிச் சிந்திப்பதில் செல்லாதவர்களை விஞ்சினார்கள். கிராமப்புற, ஏழை மாணவர்களிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. வீட்டில் வாய்ப்பில்லாத பிள்ளைக்கே பள்ளியின் ஓவிய வகுப்பு அதிகம் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட கலைக்கூடங்கள் நமக்கு எங்கே என்ற கேள்வி எழும். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வழக்கமாகப் போய் நிற்கும் மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ள பெரும்பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய கதையா என்ற விவாதம் நூறு ஆண்டுகளாக முடியாமல் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் படித்துப் படம் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த விவாதத்தை அவர்களிடமே கொடுத்தால் என்ன? விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறார் தவசி. அருகே வரம் தரும் கையோடு சிவன். இது இரண்டு கதைக்கும் பொருந்தும். நடுவே பாறையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு, அதில் நாகர்கள். பிளவின் அடியில் ஒருவர் துணி பிழிகிறார், ஒருவர் தோளில் குடம் சுமக்கிறார். அப்படியானால் இங்கே ஆறு ஓடுகிறதா? ஓடினால் அது கங்கைதானா, வேறு ஆறாக இருக்கக் கூடாதா? வலப்பக்கம் யானையின் காலடியில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, மேலே உள்ள தவசியைப் போலவே கைகளைத் தூக்கியிருக்கிறது, சுற்றிலும் எலிகள். தவத்தைப் பற்றிய சிற்பத்துக்குள் போலித் தவத்தையும் சிற்பி ஏன் வைத்தான்? ஒவ்வொரு விடைக்கும் "எதைப் பார்த்துச் சொல்கிறாய்" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டால் போதும். அறிவியல் செய்முறைக்கும் நீதிமன்ற வாதத்துக்கும் வேண்டிய ஒழுக்கம் அங்கே உருவாகிவிடும். காஞ்சி கைலாசநாதர் கோயில் சுவரோவியம், சித்தன்னவாசல், மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை என்று இதற்கு ஏற்ற இடங்கள் நமக்குக் குறைவில்லை.

இதன் பயன் பள்ளியோடு நிற்பதில்லை. நம் பொதுவாழ்வு பெருமளவு படங்களால் நடக்கிறது. சுவர் விளம்பரமும் பேனரும் கட்-அவுட்டும் ஒரு தலைவரை எவ்வளவு பெரிதாக, யாருக்குப் பக்கத்தில், எந்த வண்ணத்தில் காட்டுகின்றன என்பதில் அரசியல் இருக்கிறது. வெள்ளைத் தோலை அழகாகக் காட்டும் விளம்பரத்தில் சாதியும் வர்க்கமும் ஒளிந்திருக்கின்றன. இன்று கணினியே நடக்காத நிகழ்ச்சிக்குப் படம் செய்து தருகிறது, அது நிமிடத்தில் கைப்பேசிகளுக்குப் பரவுகிறது. எழுதியதைச் சந்தேகித்துப் படிக்கப் பத்தாண்டுகள் கற்பிக்கும் நாம், படத்தைச் சந்தேகித்துப் பார்க்க ஒரு வாரம்கூடக் கற்பிப்பதில்லை. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிழல் அதற்கு ஒத்துப்போகிறதா, சட்டத்துக்கு வெளியே எது வெட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பது, சொம்பை உற்றுப்பார்த்து வரைந்த பிள்ளைக்கு இயல்பாக வரும்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் கனமானது, எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு ஓவியம் எதற்கு என்பது. அந்தக் கவலை உண்மையானது. ஆனால் வாரத்துக்கு ஒரு பீரியடைப் பறித்துக் கணக்குக்குக் கொடுப்பதால் படிப்புப் பின்தங்கலின் காரணங்கள் தீர்வதில்லை. பார்த்ததைச் சொல்லி, சொன்னதற்குக் காரணம் காட்டிப் பேசும் வகுப்பு, அந்தப் பிள்ளை கூச்சமின்றி வாய் திறக்கும் வகுப்பாகவும் அமையும். மறுபக்கத்திலிருந்து வருவது, பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுங்கள், எதையும் கற்பிக்காதீர்கள் என்ற வாதம். வியன்னாவில் 1897இல் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக் வழி வந்த இந்தச் சிந்தனை, பெரியவர்களின் சட்டாம்பிள்ளைத்தனத்திலிருந்து குழந்தையைக் காத்தது. அதற்காக அதை மதிக்க வேண்டும். ஆயினும், வெற்றுத் தாளைக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டால் பிள்ளை தன்னுள் இருப்பதை வரைவதில்லை, ஏற்கெனவே மனப்பாடமான மலையையும் சூரியனையுமே வரைகிறது. சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்று, 1944 முதல் சேவாகிராமத்தின் ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத் (உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அல்லர், வேறொருவர்) இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் காட்டினார். சுற்றியுள்ள மரத்தையும் மாட்டையும் வேலையையும் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது ஆசிரியரின் பொறுப்பு. எப்படி வரைவது என்பது பிள்ளையின் உரிமை.

இந்த வழியில் நடக்க ஆள் வேண்டும். அங்கேதான் நம் ஏற்பாடு தளர்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்புவரை கலை ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு சொன்னது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 100 பேருக்குமேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பகுதிநேரக் கலைப் பயிற்றுநர் போதும் என்று வைத்தது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்தது என்றாலும் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் அவர்கள் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. வாரத்தில் சில அரை நாள்கள் வந்துபோகும் ஆசிரியர், ஒரு பிள்ளையின் பார்வை மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று கவனிக்க வழியில்லை. அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா, மேடையே காணாத பிள்ளைகளுக்கு மேடை தந்தது. அது பெரிய நன்மை. ஆயினும் போட்டி, ஏற்கெனவே வரையத் தெரிந்தவரைக் கண்டெடுக்கும். வரையத் தெரியாத முப்பது பேருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது வகுப்பின் வேலை. அந்த வேலையைத் திருவிழாவால் ஈடுசெய்ய முடியாது.

செய்ய வேண்டியவை எட்டாக் கனி அல்ல. தொழில்நுட்பத் தேர்வுகள் ஓவியத்தைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு இருக்கட்டும். பொதுவகுப்பில் வாரம் ஒரு பீரியடாவது எதிரே இருக்கும் பொருளையோ இடத்தையோ பார்த்து வரைவதற்கும், ஒரு படத்தைப் பற்றிச் சான்றோடு பேசுவதற்கும் உறுதியாக ஒதுக்கப்பட வேண்டும். அழகாக வரைந்ததற்கு மதிப்பெண் தருவதை விட்டு, ஜூனில் வரைந்த சொம்பையும் மார்ச்சில் வரைந்த சொம்பையும் அருகருகே வைத்துப் பிள்ளை புதிதாக எதைக் கவனித்திருக்கிறது என்று ஆசிரியர் குறித்துவைக்கலாம். அதற்கு அவர் ஆண்டு முழுவதும் அந்தப் பள்ளியில் இருக்க வேண்டும், முழுநேரப் பணியில், முழு மரியாதையோடு. ஓவியர்களை உருவாக்குவது கவின்கலைக் கல்லூரிகளின் கடமை. தன் ஊரைத் தன் கண்ணால் பார்க்கவும், தனக்குக் காட்டப்படும் படத்தைக் கேள்வி கேட்கவும் தெரிந்த குடிமக்களை உருவாக்குவது எல்லாப் பள்ளிகளின் கடமை. ஓவிய ஆசிரியர் பணியிடத்தைச் செலவுக் கணக்கில் முதலில் வெட்டும் அரசு, இந்த இரண்டாவது கடமையிலிருந்து விலகுகிறது.