வட்டம் வராதவனும் ஒரு கேஆர்ஏ ஃபைலும்

பென் டேப்லெட் வாங்கிய முதல் வாரம் நான் வரைந்த வட்டமெல்லாம் முட்டையாகவே வந்தது. நமக்குக் கை வராது என்று முடிவுகட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். ஏழெட்டு மாசம் அங்கேயே கிடந்தது. தப்பு கையில் இல்லை. என் மேசையில் இரண்டு மானிட்டர். டேப்லெட்டின் சின்ன செவ்வகத்தை லினக்ஸ் அந்த இரண்டின் மேலும் சேர்த்து இழுத்து விரித்திருந்தது. ஒரு மானிட்டருக்கு மட்டும் என்று மாற்றி, நீள அகல விகிதத்தையும் பொருத்தியதும் வட்டம் வட்டமானது. ஆபீஸில் எந்த பக் வந்தாலும் முதலில் கான்ஃபிகரேஷனைச் சந்தேகப்படுகிறவன், படம் என்று வந்ததும் நேராக என்னையே சந்தேகப்பட்டிருக்கிறேன்!

அடுத்தது கிரிட்டா. இலவசம், கட்டற்ற மென்பொருள். ஃபோட்டோவைத் திருத்தும் வேலையை கிம்ப்புக்கு விட்டுவிட்டு, வரைகிறவர்களுக்காகவே வளர்ந்தது. பேனாவின் அழுத்தத்தை நம் கைக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ள அதன் செட்டிங்ஸில் ஒரு வளைகோடு இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 8192 அழுத்த நிலைகளை (13 பிட், அவ்வளவுதான்) விட எனக்கு உதவியது இந்த வளைகோடுதான். குறை என்றால், புதுசாக வருகிறவன் முன்னால் இத்தனை பிரஷ்களைக் கொட்டியிருக்க வேண்டாம். எது பென்சில் என்று கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போனது.

வரையக் கற்க எல்லோரும் கைகாட்டுவது வேகமாக ஓட்டிய வீடியோக்களை. எனக்கு அவை மேஜிக் ஷோ மாதிரி. பார்க்கலாம், கைதட்டலாம், கற்க முடியாது. எனக்கு வாத்தியாராக அமைந்தது பெப்பர் அண்ட் கேரட். பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவோய் 2014 முதல் வரைந்துவரும் காமிக்ஸ். ஒரு சின்ன சூனியக்காரி, அவளுடைய பூனை. பிளெண்டர்காரர்களின் 'சின்டெல்' படத்துக்குக் கலை இயக்குநராக இருந்தவர் இவர். கதை சுமாரிலிருந்து நன்று வரை. விஷயம் அதுவல்ல. பக்கங்களை கிரிட்டாவின் மூல ஃபைலாகவே தருகிறார். பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுத்து மாற்றலாம், விற்கவும் செய்யலாம்.

அந்த கேஆர்ஏ ஃபைல் உண்மையில் ஒரு ஜிப். அன்ஜிப் செய்தால் உள்ளே ஒரு எக்ஸ்எம்எல்லும் லேயர்களும் கிடைக்கும். நம்மாளுங்களுக்கு இது பழகிய இடம்! ஆனால் கிரிட்டாவிலேயே திறந்து, லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதுதான் ருசி. முடிந்த படத்தில் வெளிச்சம் என்று நினைத்தது தனியாகப் பார்த்தால் மங்கலான நாலு தீற்றல். அதைச் செய்ய எனக்கும் கை வரும்.

ஆனாலும் இதை 'சோர்ஸ் கோட்' என்று சொல்ல எனக்குத் தயக்கம். இதில் இருப்பது கடைசி கமிட் மட்டும், வரலாறு கிடையாது. லேயர்களை ஒன்றாக்கியதும் அதுவரையான தடுமாற்றம் மறைந்துவிடுகிறது. அன்டூ செய்ததையும் ஃபைல் சேமிப்பதில்லை. எந்தக் கோட்டைத் தொழில்முறை ஓவியர் எத்தனை முறை அழித்தார் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். அது இங்கேயும் இல்லை.

என் தடுமாற்றத்தையாவது பார்ப்போம் என்று கிரிட்டாவின் ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு டீ கிளாஸ் வரைந்தேன். நாற்பது நிமிஷம். திருப்பிப் பார்த்தால், விளிம்பு வளைவை மட்டும் பதினொரு தடவை அழித்திருக்கிறேன். அதில் மூன்றாவது நன்றாகவே இருந்தது. பேனாவின் பக்கவாட்டு பட்டனில் வைத்திருந்த அன்டூவை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.