ரஜூலா

பழைய கப்பல்களில் என் மனதுக்கு நெருக்கமானது 'ரஜூலா'. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டிய நீராவிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களைச் சுமந்தது. அறைகளைவிட, ட்ரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பாய் விரித்துப் படுத்த மேல்தளம்தான் அதன் பெருமை என்பேன்.

இரண்டாம் உலகப் போரில் அது படைவீரர்களை ஏற்றியது. அதே தடத்தில் ஓடிய சகோதரிக் கப்பல் 'ரோனா'வை 1943 நவம்பர் 26 அன்று, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மானிய விமானம் வானொலி அலைகளால் இயக்கிய குண்டு வீழ்த்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரஜூலா தப்பியது. செப்பனிட்டுப் பழைய தடத்துக்கே அனுப்பினார்கள். மேலும் கால் நூற்றாண்டு உழைத்தது!

1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' எனப் பெயர் மாற்றியது. மறு ஆண்டே பம்பாயில் உடைத்தார்கள். தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவும் தாராவியும் இருக்கிற ஊரில் அது இரும்பாகப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.