பொன்தோல் தேடிய வீரன்

கிரேக்கப் புராண வீரர்களுள் ஹெர்குலிஸ் வலிமையால் பெயர் பெற்றான். அகில்லீஸ் சினத்தால் பெயர் பெற்றான். ஒடீஸியஸ் சூழ்ச்சியால் பெயர் பெற்றான். ஜேசன் எதனால் பெயர் பெற்றான் என்று எவரேனும் வினவினால் நாம் சற்றுத் தயங்கவே நேரும். ஆயினும் சிறுவர் உலகம் விரும்பிப் படிக்கும் கிரேக்கக் கதைகளுள் அவனுடைய கடற்பயணக் கதைக்குத் தனி இடம் உண்டு.

கதை யாவரும் அறிந்ததே. ஒற்றைச் செருப்பணிந்து வருபவனால் தனக்கு அழிவு நேரும் என்னும் குறியுரைக்கு அஞ்சிய இயோல்கஸ் மன்னன் பீலியாஸ், அவ்வாறே வந்து நின்ற ஜேசனைக் கருங்கடலின் கிழக்குக் கோடியிலுள்ள கொல்கிஸ் நாட்டுக்கு அனுப்புகிறான். இன்றைய ஜார்ஜியாவின் மேற்குப் பகுதியே அந்நாடு. உறங்காத நாகம் காவல் காக்கும் பொன்மயிர் ஆட்டுத்தோலை அங்கிருந்து கொணர்தல் வேண்டும். ஏறத்தாழ 50 வீரர்கள் ஆர்கோ என்னும் மரக்கலத்தில் புறப்படுகின்றனர்.

தோல் கைக்கு வந்து, கப்பல் கரையை விட்டு அகன்றதும் ஹாதோர்ன் 1853-இல் எழுதிய சிறுவர் நூல் கதையை முடித்துவிடுகிறது. 1856-இல் இதே கதையைத் தம் பிள்ளைகளுக்காக எழுதிய கிங்ஸ்லி பிற்பகுதியை மறைக்கவில்லை. எனினும் அதனை விரைந்து கடந்து விடுகிறார். நம்மைப் பொறுத்தவரை அந்தப் பிற்பகுதியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. மூல நூல்களைப் படிப்போர் இதனை எளிதில் உணர்வர்.

இப்பயணத்தை முழுமையாகப் பாடிய அப்பல்லோனியஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டினர், அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக விளங்கியவர். நான்கு காண்டங்களாக அமைந்த அவருடைய காவியத்தில் ஜேசன் வழியறியாது கலங்குபவனாகவே பலமுறை காட்டப்படுகிறான். தலைவனைத் தேர்ந்தெடுங்கள் என்று அவன் கேட்டபோது வீரர் அனைவரும் ஹெர்குலிஸின் பக்கமே திரும்பினர் என்று கவிஞர் பாடுகிறார். ஹெர்குலிஸ் மறுத்து, ஜேசனே தலைமை தாங்கட்டும் என்றதனால்தான் அவன் தலைவனானான். காவிய நாயகனை இவ்வாறு அறிமுகம் செய்யும் துணிவு எளிதில் வருவதன்று!

கொல்கிஸ் மன்னன் ஈயட்டீஸ் விதித்த சோதனைகளோ கொடியவை. தீயுமிழும் வெண்கலக் குளம்புக் காளைகளைப் பூட்டி உழுதல் வேண்டும். நாகத்தின் பற்களை விதைத்து, மண்ணிலிருந்து முளைத்தெழும் போர்வீரரை வெல்லுதல் வேண்டும். இவற்றில் ஜேசன் தானே கண்ட வழி ஒன்றேனும் உண்டா? நெருப்புச் சுடாத தைலம் தந்தவள் மன்னன் மகள் மெடியா. முளைத்த வீரரிடையே ஒரு பெருங்கல்லை எறிந்தால் அவர்கள் தமக்குள்ளேயே போரிட்டு மாய்வர் என்று சொல்லிக் கொடுத்தவளும் அவளே. இறுதியில் நாகத்தை உறங்கச் செய்தவளும் அவளே. ஜேசன் அச்சத்தோடு அவள் பின்னே நடந்தான்.

மூன்றாம் காண்டத்தில் இருவரும் கோயிலில் சந்திக்கும் இடம் நாம் மீண்டும் மீண்டும் படித்து வியந்த பகுதியாகும். உதவி வேண்டும் ஜேசன், கிரீட் தீவின் இளவரசி அரியாட்னி முன்னொரு நாள் தீஸியஸ் என்னும் வீரனுக்கு உதவியதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறான். அவளைத் தெய்வங்களும் நேசித்தன என்கிறான். தீஸியஸ் அவளை நக்ஸஸ் தீவில் கைவிட்டுச் சென்றதை மட்டும் சொல்லவில்லை. அரியாட்னி மெடியாவுக்கு அயலாள் அல்லள், அத்தை மகள். அவளைப் பற்றி மேலும் சொல்லும்படி மெடியா கேட்கிறாள். இந்த வீண்பேச்சு எதற்கு என்று அவன் நழுவி விடுகிறான். கிரேக்க நாட்டில் உடன்படிக்கைகளைப் போற்றுவது சிறப்பாயிருக்கலாம் என்று அந்தப் பேதைப் பெண் சொல்கிறாள். அவ்விடத்தில் கவிஞர் தம் கருத்தாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அக்கதையின் முடிவை அறிந்த வாசகர் நெஞ்சு நடுங்குவதற்கு அதுவே போதும்.

தந்தையைத் துறந்து நள்ளிரவில் ஓடிவந்தவளுக்கு, மணந்துகொள்வேன் என்று ஜேசன் தெய்வங்களின் பெயரால் ஆணையிடுகிறான். கொல்கிஸ் படை வழிமறித்தபோது அவளை ஒரு தீவில் விட்டு, அவளைப் பற்றிய வழக்கை வேற்றரசர் தீர்ப்புக்கு விடவும் அவனே உடன்படுகிறான். அவள் ஆணையை நினைவூட்டிச் சீறியதும் அஞ்சி, அது எதிரியை ஏமாற்றும் தந்திரமே என்கிறான். அதன் பயனாக அவளுடைய உடன்பிறந்தான் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். அவர்கள் திருமணமும் அன்பினால் முடிந்ததன்று. கன்னியாயின் தந்தையிடம் அனுப்புவேன், மனைவியாயின் கணவனிடமிருந்து பிரியேன் என்று அல்கினோஸ் மன்னன் தீர்மானித்ததை அவன் அரசி முன்கூட்டியே சொல்லியனுப்ப, இரவோடிரவாக ஒரு குகையில் மணம் நிகழ்கிறது. பொன்தோலே மணப்படுக்கையின் விரிப்பாயிற்று.

ஆர்கோ தாய்நாட்டுக் கரையை அடைந்ததும் அப்பல்லோனியஸ் நிறுத்திக்கொள்கிறார். அதற்குமேல் சொல்ல வேண்டியதை யூரிப்பிடீஸ் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, கி.மு. 431-இல், ஏதென்ஸ் மேடையில் சொல்லிவிட்டார். கொரிந்து நகரில் ஜேசன் மன்னன் மகளை மணக்க முற்படுகிறான். மெடியாவும் இரு பிள்ளைகளும் நாடு கடத்தப்பட இருக்கின்றனர். அப்போது ஜேசன் சொல்லும் சமாதானம் எக்காலத்துக்கும் உரிய நன்றியின்மையின் வாக்குமூலமாகும். தன்னைக் காத்தது காதல் தெய்வமே, அவள் அல்லள் என்கிறான். கிரேக்க மண்ணில் வாழும் பேறு கிடைத்ததால் கொடுத்ததைவிட அவள் பெற்றதே மிகுதி என்றும் கணக்குக் காட்டுகிறான்.

பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொன்ற மெடியாவை நாம் ஒருபோதும் நியாயப்படுத்த இயலாது. பிள்ளைகளைக் கொன்றவர் கொரிந்து மக்களே என்றும், பொருள் பெற்றுக்கொண்டு யூரிப்பிடீஸ் பழியைத் தாய்மீது சுமத்தினார் என்றும் பழைய உரைக்குறிப்பு ஒன்று கூறும். அதனை நாம் நம்பவில்லை. விலைக்கு எழுதியவரின் கையில் ஜேசன் இத்துணைச் சிறியவனாகத் தோன்றியிருக்க மாட்டான். அவ்வாண்டுப் போட்டியில் இந்நாடகத்துக்குக் கிடைத்தது மூன்றாம் இடமே.

ஈண்டு நம் வாசகர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில் இந்நாடகத்தின் முடிவைக் குறை கூறுகிறார். அந்நூலைப் பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அபூ பிஷ்ர் மத்தா அரபு மொழியில் பெயர்த்தார். ஆனால் நாடகங்கள் பெயர்க்கப்படவில்லை. ஆகவே துன்பியல் நாடகம் என்பது அரபில் புகழ்ப்பாட்டு என்று பொருள் கொள்ளப்பட்டது. கார்டோவாவின் பேரறிஞர் இப்னு ருஷ்தும் தம் விளக்கவுரையில் அவ்வழியே சென்றார். நாடகத்தைக் காணாதவர்க்கு அது இயல்பான பிழை. காணக் கிடைத்த நூல்களை முன்னே வைத்துக்கொண்டும் ஜேசனின் கதையைப் புகழ்ப்பாட்டாகவே எழுதுவோரை என்னென்பது?

பிள்ளைகளின் உடல்களைத் தேரில் ஏந்திச் செல்லும் மெடியா, ஜேசனின் முடிவையும் முன்னுரைக்கிறாள். பகைவர் வாளும் நாகத்தின் நஞ்சும் தீண்டாத அவன், ஆர்கோவின் சிதைந்த மரத்துண்டு ஒன்று தலையில் விழ மடிவான்.