ஓடு மட்டும் போதுமா?

உசிலம்பட்டியில் கடல் இல்லை. ஆயினும் சங்கைப் பார்க்காத பிள்ளை இங்கு கிடையாது. இறுதி ஊர்வலத்தின் முன்னே அது ஊதப்படுகிறது. சில வீடுகளில் நிலைப்படிக்கு மேல் தொங்குகிறது. அது ஒரு கடல் நத்தை கட்டிய வீடு என்று வகுப்பில் சொன்னால் மட்டும் மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

வாசகர்களே, ஒரு சங்கைக் கையில் எடுங்கள். அதைப் பார்த்தேயிராத ஒருவர் நூறு ஓடுகளுக்கு நடுவிலிருந்து அதைச் சரியாகப் பொறுக்கி எடுக்கும்படி ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஆழ்கடலில் கிடைத்த புதிய நத்தைக்குப் பெயர் சூட்டும் விலங்கியலார் செய்வது இதைத்தான். நான் பௌதிகம் கற்பிப்பவன்; அவர்கள் துறைக்கு அயலான். ஆனால் அளவை என்பது எங்கள் தொழில். அந்த உரிமையில் சில குறைகளைச் சொல்கிறேன்.

முதல் குறை, சொற்கள். 'மெலிந்த ஓடு', 'ஓரளவு பருத்த கடைசிச் சுற்று' என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஓரளவு என்றால் எந்த அளவு? ஓட்டின் சுருள் ஒரு மடக்கைச் சுருள் என்பதை ஹென்றி மோஸ்லி 1838-லேயே கணிதமாகக் காட்டிவிட்டார். நான்கே எண்களைக் கொண்டு பெரும்பாலான ஓடுகளின் வடிவத்தை வரைந்துவிடலாம் என்று டேவிட் ராப் 1966-ல் கணிப்பொறி மூலம் மெய்ப்பித்தார். எண் இருக்குமிடத்தில் பெயரடை எதற்கு?

எண்ணையும் கண்மூடி நம்புவதற்கில்லை. ஒரே சங்கை ஏழு மாணவர்களிடம் வெர்னியர் அளவியுடன் கொடுத்தேன். அகலத்தில் அனைவரும் ஏறத்தாழ ஒத்துப்போனார்கள். சுற்றுகள் எத்தனை என்றதும் சண்டை வந்துவிட்டது. ஐந்தரை என்றான் ஒருவன். ஆறு என்றாள் மற்றொருத்தி. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை! (நானும் சொல்லவில்லை.)

எப்படிப் பிடிப்பது என்பதும் அப்படியே. விலங்கியலார் கூர்முனையை மேலே வைத்து, வாய் தம்மை நோக்கும்படி பிடிப்பார்கள். வாய் வலப்புறம் அமைந்தால் அது வலச்சுழி. சாதாரணச் சங்கு அப்படித்தான் இருக்கிறது. நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கோ அவர்கள் கணக்கில் இடச்சுழி! கூர்முனையைக் கீழே திருப்பிப் பாருங்கள். வலப்புறத்து வாய் இடப்புறம் வந்துவிடும். ஓடு மாறவில்லை, பிடித்த விதம்தான் மாறியது. வலம்புரி தனிச் சிற்றினமும் அன்று. சாதாரணச் சங்கினத்திலேயே அரிதாகப் பிறக்கும் மாறுபாடு அது. ஓட்டை மட்டும் பார்த்தவர் அதற்குப் புதுப் பெயர் வைத்திருந்தால் வியப்பேது?

இரண்டாவது குறை பெரியது. 1880-களிலிருந்து இன்வெஸ்டிகேட்டர் என்னும் அளவைக் கப்பல் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் ஆழத்தில் வலை இழுத்தது. அதில் வந்த மெல்லுடலிகள் பலவற்றை லண்டனில் இருந்தபடி விவரித்தவர் எட்கர் ஸ்மித். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அக்கால ஆழ்கடல் விவரிப்புகள் பல ஒன்றிரண்டு ஓடுகளையே நம்பி நின்றவை. ஒரே ஒரு மாணவனை அளந்துவிட்டு உசிலம்பட்டியாரின் உயரம் இவ்வளவு என்று எழுத முடியுமா?

ஓட்டுக்குள் இருந்த உடல் எங்கே என்ற கேள்வியும் உண்டு. 2001-ல் இந்தியப் பெருங்கடலின் கைரெய் வெந்நீர் ஊற்றுப் பகுதியில், சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில், செதில்கால் நத்தை கண்டறியப்பட்டது. அங்கே அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் 240 மடங்கு. இதன் ஓட்டின் வெளிப்படலம் இரும்பு சல்பைடால் ஆனது. காலிலும் அதே பொருள் பூசிய செதில்கள். 2009-ல் சாலிடேர் என்ற ஊற்றில் இதன் கூட்டம் ஒன்று கிடைத்தது. அது வெள்ளை நிறம். இரும்புப் பூச்சே இல்லை. ஓட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இரண்டும் வேறு. மரபணுவைப் பார்த்தபோது இரண்டும் ஒரே சிற்றினம்! கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம் என்ற முறையான பெயர் 2015-ல்தான் வந்தது. 2019-ல் அழியும் நிலையில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் அது சேர்ந்தது. காரணம், ஆழ்கடல் சுரங்க அச்சம். இந்தியப் பெருங்கடலின் நடுமுகடுகளில் சல்பைடுக் கனிமங்களைத் தேட 2016-ல் நம் நாடும் 10,000 சதுர கிலோமீட்டருக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது. எனவே எது தனிச் சிற்றினம் என்ற கேள்வி அருங்காட்சியக அலமாரியோடு முடிவதில்லை.

அப்படியானால் ஓட்டு விவரிப்பைத் தூக்கி எறியலாமா? கூடாது. ஓட்டின் கூர்முனையில் நத்தையின் குழந்தைப் பருவச் சுருள் அப்படியே இருக்கிறது. அது நீரில் மிதந்து இரை தின்று வளர்ந்ததா, முட்டைக்குள்ளேயே பெரிதாகி வெளிவந்ததா என்பதை அந்தத் துளியிலிருந்து பெரும்பாலும் ஊகிக்கலாம். (ஆழ்கடல் ஓடுகளில் அந்த நுனியே அரித்துப்போவது நம் துரதிருஷ்டம்.) மேலும், 1894-ல் ஜூஸ்ஸோம் பெயரிட்ட கோனஸ் மில்னெட்வர்ட்சி என்ற அழகிய கூம்பு நத்தை 2001-ல் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடற்கரைக் கடையில் அதைக் கண்டு தடுக்க வேண்டிய அலுவலரிடம் மரபணுக் கருவியா இருக்கும்? அவர் கையில் உள்ளது ஓடு மட்டுமே.

அந்த அலுவலருக்காகவாவது, விவரிப்பவர்கள் எத்தனை ஓடுகளை அளந்தார்கள், மிகச் சிறியது எது, பெரியது எது, சுற்றை எங்கிருந்து எண்ணினார்கள் என்பதை எழுதட்டும். ஆல்கஹாலில் இட்ட தசைத்துணுக்கு ஒன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். 'ஓரளவு' என்ற சொல்லை மட்டும் அருள்கூர்ந்து விட்டுவிடட்டும்.